புத்தகத்தில் இல்லாத துப்பாக்கிப் பழக்கங்கள்: புதியவர்களுக்கு ஒரு விளக்கம்

வியட்நாம் போரில் எம்-16 ஏந்திய அமெரிக்கச் சிப்பாயிடம், மேகசினில் எத்தனை தோட்டா பிடிக்கும் என்று கேட்டிருந்தால் 20 என்று சொல்லியிருப்பார். நீங்கள் எத்தனை போடுகிறீர்கள் என்று கேட்டிருந்தால், பெரும்பாலும் 18 என்றுதான் பதில் வந்திருக்கும். அந்த 18 அவருக்குப் பயிற்சிப் புத்தகத்திலிருந்து வந்ததில்லை. அவருக்கு முன்னால் அந்தக் காட்டில் இருந்த யாரோ ஒருவர் காதோடு சொன்னது.

உலகத்தின் எந்தப் படையை எடுத்தாலும் இப்படி ஒரு பேச்சுவழிப் பாடம் ஓடிக்கொண்டே இருக்கும். மேகசினை ஹெல்மெட்டில் தட்டுவது, இரண்டு மேகசின்களைச் சேர்த்து டேப் சுற்றுவது, மழையில் குழலைக் கீழ்நோக்கித் தொங்கவிடுவது, பரேடில் துப்பாக்கியை ஓங்கி அறைந்து சத்தம் எழுப்புவது என்று நூறு பழக்கங்கள். சிலது உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. சிலது வெறும் நம்பிக்கை. சிலது ஆளைக் கொன்றிருக்கிறது. என்.சி.சி.யில் புதிதாகச் சேர்ந்தவர்களும் போர் வரலாறு படிக்கத் தொடங்குபவர்களும் இவற்றை எப்படிப் புரிந்துகொள்வது என்று எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் அந்த 18-ஐ முடித்துவிடுவோம், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

மேகசின் என்பது ஒரு மெல்லிய உலோகப் பெட்டி. உள்ளே நீளமான ஒரு ஸ்பிரிங், அதன் தலையில் ஒரு தட்டு. பெட்டியின் வாயில் இரண்டு ஓரமும் உள்பக்கமாகக் கொஞ்சம் வளைந்திருக்கும். தோட்டாவை மேலிருந்து கட்டைவிரலால் அழுத்தினால் அந்த வளைவுக்குக் கீழே போய் உட்காரும், ஸ்பிரிங் கொஞ்சம் சுருங்கும். முதல் பத்து தோட்டா பேச்சுக் கொடுத்துக்கொண்டே போட்டுவிடலாம். கடைசி இரண்டுக்குக் கட்டைவிரல் வலிக்கும். ஸ்பிரிங் இதற்குமேல் சுருங்க இடமில்லை என்று அர்த்தம்.

இப்போது அந்த முழு மேகசினைத் துப்பாக்கியில் செருகுங்கள். உள்ளே போல்ட், அதாவது தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளிப் பின்னாலிருந்து மூடும் இரும்புத் துண்டு, மூடியிருக்கிறது. மேல் தோட்டா போல்ட்டின் அடிப்பாகத்தில் முட்டும். ஸ்பிரிங்கில் கொஞ்சமாவது இளக்கம் இருந்தால் தோட்டா கீழே அமுங்கி வழிவிடும், மேகசின் 'கிளிக்' என்று மாட்டிக்கொள்ளும். இளக்கமே இல்லையென்றால் மாட்டியது போலத் தோன்றும், மாட்டியிருக்காது. ஓடும்போது கழன்று விழும். அல்லது முதல் தோட்டாவை போல்ட் முன்னால் தள்ளும்போது சிக்கிக்கொள்ளும். இரண்டு தோட்டா குறைத்துப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு தோட்டா குறைவாக இருப்பதைவிட, சுடவேண்டிய நேரத்தில் துப்பாக்கி சுடாமல் போவது பெரிய நஷ்டம் என்பது சிப்பாயின் கணக்கு.

அந்தக் கணக்குக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்தத் துப்பாக்கிமேல் அன்றைக்குப் பலருக்கும் நம்பிக்கை இல்லை. தோட்டாவின் வெடிமருந்தை மாற்றியிருந்தார்கள். சேம்பருக்கு, அதாவது தோட்டா போய் உட்காரும் அறைக்கு, குரோமியப் பூச்சு இல்லை. சுத்தம் செய்யும் கருவிகளும் போதிய அளவில் போய்ச் சேரவில்லை. இந்தத் துப்பாக்கிக்கு அதிகம் சுத்தம் தேவையில்லை என்ற பேச்சு வேறு. சண்டைக்கு நடுவே சிக்கிப்போன துப்பாக்கிகளைப் பற்றி வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் பெரிய விவகாரமாகி, 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவே விசாரித்தது. அப்படிப்பட்ட துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பவர், தன்னால் சரிசெய்ய முடிந்த ஒரே விஷயத்தைச் சரிசெய்தார்.

அப்புறம் 30 தோட்டா மேகசின் வந்தது. பழக்கமும் கூடவே வந்தது: 28 போடு. மேகசினின் உள்தட்டும் ஸ்பிரிங்கும் பலமுறை மேம்பட்டுவிட்டன. ஆனாலும் பழைய ஆட்கள் புதியவர்களுக்கு 28 என்று சொல்வது நிற்கவில்லை. காரணம் பாதி மறைந்துவிட்டது, எண் அப்படியே இருக்கிறது. நான் சொல்ல வருவது இதுதான். ஒவ்வொரு பழக்கமும் ஒரு குறிப்பிட்ட ஆயுதத்தில், ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட தொல்லைக்குப் பதிலாகப் பிறந்தது. அந்தத் தொல்லை என்ன என்று தெரியாமல் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து.

கை ஏன் தானாக வேலை செய்யவேண்டும்

பயத்தில் மூளை வேலை செய்யாது, கைதான் செய்யும். அதனால்தான் எல்லாப் படைகளும் ஒரே அசைவைச் சலிக்கச் சலிக்கச் செய்யவைக்கின்றன. 1863 ஜூலையில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்தபின் களத்தில் கிடந்த துப்பாக்கிகளைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். சுமார் 27,500 துப்பாக்கிகளில் 24,000 அளவுக்கு மருந்தும் குண்டும் திணித்தபடியே கிடந்தன. அவற்றில் ஏறத்தாழ பாதியில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முறை திணிக்கப்பட்டிருந்தது. ஒரு துப்பாக்கிக்குள் 23 முறை திணித்திருந்ததாக அந்தக் காலக் குறிப்பு சொல்கிறது. குழலின் முன்வாய் வழியாக மருந்து திணிக்கும் துப்பாக்கி அது. இரைச்சலில் தன் துப்பாக்கி வெடித்ததா இல்லையா என்பதே தெரியாமல், கை பழகியபடி அடுத்ததைத் திணித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். சிலர் மனிதனைச் சுட மனம் வராமல் சுடுவதுபோல நடித்தார்கள் என்று வாதிடுபவர்களும் உண்டு. எப்படியானாலும், கை பழகிவிட்டால் கண்ணும் காதும் இல்லாமலேயே ஓடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

நம் நாட்டிலும் கைப்பழக்கம் ஒன்று வரலாற்றுக்குள் நுழைந்திருக்கிறது. அந்தக் காலத்துத் தோட்டா ஒரு காகிதப் பொட்டலம். அதன் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலுக்குள் கொட்டவேண்டும் என்பது டிரில். 1857-இல் என்ஃபீல்டு தோட்டாவில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருப்பதாகச் செய்தி பரவியபோது, கம்பெனி அதிகாரிகள் டிரில்லையே மாற்றினார்கள்: இனிப் பல்லால் கடிக்கவேண்டாம், கையால் கிழித்தால் போதும். சிப்பாய்களுக்குச் சந்தேகம் தீரவில்லை, கூடியது. மறைக்க ஒன்றும் இல்லையென்றால் இத்தனை வருஷப் பழக்கத்தை ஏன் மாற்றுகிறார்கள்? அந்தக் கேள்விக்கு அதிகாரிகளிடம் அவர்கள் நம்பும்படியான பதில் இல்லை.

பழைய பஜாஜ் ஸ்கூட்டரில் கியர் இடதுகைப் பிடியில் இருக்கும். வருஷக்கணக்கில் அதை ஓட்டியவர் மோட்டார் சைக்கிளுக்கு மாறினால், முதல் சில நாள் இடதுகை வெறும் பிடியை முறுக்கப் பார்க்கும். துப்பாக்கி மாறும்போதும் நடப்பது இதுவேதான், விளைவு மட்டும் வேறு.

லீ என்ஃபீல்டும் நடுவிரலும்

நம் ஊர்க் காவல் நிலையங்களிலும் என்.சி.சி. ஆயுத அறைகளிலும் பல பத்தாண்டுகள் இருந்த .303 ரைஃபிளை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். லீ என்ஃபீல்டு அதன் பெயர். ஒவ்வொரு முறை சுட்டபின்பும் வலதுகையால் போல்ட்டின் குமிழைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடிக்கவேண்டும். முதல் உலகப் போருக்கு முந்தைய பிரிட்டிஷ் படையில் ஒரு சிப்பாய் 300 கெஜத்தில் நிமிஷத்துக்கு 15 தோட்டா குறிபார்த்துச் சுடவேண்டும் என்ற சோதனை இருந்தது. நான்கு நொடிக்கு ஒன்று.

இந்த வேகத்துக்காக ஒரு கைவேலை உருவானது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குமிழை விடவே விடாது. மடித்து முடித்ததும் நடுவிரல் ட்ரிகரை இழுக்கும். சுட்டதும் கை இடம் மாறாமலே மறுபடி தூக்கும். இது ஏன் முடிகிறது என்று துப்பாக்கியைப் பார்த்தால் புரியும். லீ என்ஃபீல்டின் குமிழ் ட்ரிகருக்கு நேர்மேலே, கை எட்டும் இடத்தில் வந்து படுக்கிறது. தூக்கவேண்டிய கோணமும் குறைவு, சுமார் 60 பாகை. ஜெர்மானிய மவுசரில் 90 பாகை தூக்கவேண்டும், குமிழும் கொஞ்சம் முன்னால் இருக்கும். அதில் இதே வித்தையைக் காட்டப்போனால் விரல்தான் நோகும். ஒரு துப்பாக்கியின் உடம்பைப் பார்த்துப் பிறந்த பழக்கம் இன்னொரு துப்பாக்கிக்கு உதவாது.

இதே இடத்தில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். இரண்டு உலகப் போர்களின் புகைப்படங்களைப் பார்த்தால், சும்மா நிற்கும் சிப்பாயின் விரல் ட்ரிகர்மேல் கிடப்பதை அடிக்கடி காணலாம். இன்றைக்கு எந்த உஸ்தாதும், அதாவது பயிற்சி தரும் ஆசிரியரும், அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். சுடும்வரை விரல் ட்ரிகருக்கு வெளியே, துப்பாக்கியின் பக்கவாட்டில் நீட்டியபடி இருக்கவேண்டும் என்பது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் எல்லா இடத்திலும் கறாரான விதியானது. அமெரிக்காவில் ஜெஃப் கூப்பர் என்ற முன்னாள் மரைன் அதிகாரி இதை நான்கு விதிகளில் ஒன்றாக்கிப் பரப்பினார். எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் நிரம்பியதாகவே கொள்; அழிக்க மனமில்லாத எதன்மேலும் குழல் வாய் போகக்கூடாது; குறி சேரும்வரை விரல் ட்ரிகரில் வேண்டாம்; குறி எது, அதன் பின்னால் என்ன என்று தெரிந்துகொள்.

கையால் போல்ட் இழுக்கும் காலத்தில், ஒரு முறை சுட்டபின் நீங்களாக இயக்கும்வரை துப்பாக்கி செத்த இரும்பு. தானாக நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கியில் சுட்ட நொடியிலேயே அடுத்த தோட்டா சேம்பரில் உட்கார்ந்துவிடுகிறது. பழைய அசட்டை புதிய துப்பாக்கியில் உயிரோடு விளையாடும்.

பரேடு மைதானத்துச் சத்தம்

கேடட்டுகளுக்கு இது நன்றாகவே தெரியும். குடியரசு தின அணிவகுப்புக்குப் பயிற்சி நடக்கிறது. கட்டளை வந்ததும் ஐம்பது கைகள் ஒரே நொடியில் துப்பாக்கியில் அறைகின்றன. அந்த 'தப்' என்ற சத்தம் ஒன்றாகக் கேட்டால் உஸ்தாத் முகம் மலரும். அதனால் சத்தம் வருவதற்கென்றே கையைக் குவித்து மேகசின் பக்கத்தில் அறைவது, தோல்வாரைக் கொஞ்சம் தளர்த்தி வைப்பது என்று சீனியர் அண்ணன்கள் சொல்லித்தரும் உத்திகள் உண்டு. டிரில்லுக்கென்று ஒதுக்கிய, சுட முடியாத துப்பாக்கிகளில் இதனால் பெரிய கேடு இல்லை. உள்ளங்கை சிவக்கும், அவ்வளவுதான்.

ஆனால் சண்டைக்கு எடுத்துப்போகும் துப்பாக்கியிலேயே இதைச் செய்த படை ஒன்று இருந்தது. ஜார் முதலாம் நிக்கலாய் காலத்து ரஷ்யப் படையில் பரேடுதான் எல்லாம். துப்பாக்கியைத் தோளில் ஏற்றி இறக்கும்போது கணீரென்று கேட்கவேண்டும் என்பதற்காகத் திருகாணிகளைத் தளர்த்தி வைத்தார்கள். குழல் கண்ணாடிபோல மின்னவேண்டும் என்று செங்கல்பொடி போட்டுத் தேய்த்தார்கள். தேய்த்துத் தேய்த்து உலோகமே கரைந்தது. 1853-இல் கிரிமியப் போர் தொடங்கியபோது அந்தப் படையின் துப்பாக்கிகள் பழைய மாதிரி என்பது ஒரு குறை. இருந்ததையும் அழகுக்காகக் கெடுத்துவைத்திருந்தது அதற்குமேல் ஒரு குறை. எதைப் பார்த்து மேலதிகாரி பாராட்டுகிறாரோ, அதையே கீழே இருப்பவர் செய்வார்.

நம் கேடட்டுகள் பக்கம் இதற்கு ஒரு சின்ன உறவுமுறைப் பழக்கம் உண்டு, துப்பாக்கி துடைப்பதில். .22 ரைஃபிளில் சுட்டு முடித்ததும் குழலைத் துடைக்க 'புல்-த்ரூ' என்ற கயிறு தருவார்கள். கயிற்றின் ஒரு முனையில் பித்தளைக் குண்டு, மறுமுனையில் துணி மாட்ட வளையம். துணிக்குச் 'சிந்தி' என்று பெயர். போல்ட்டைக் கழற்றிவிட்டு, குண்டைப் பின்பக்கத்திலிருந்து குழலுக்குள் விட்டால் எடையில் தானாக முன்வாய்க்கு வந்து எட்டிப்பார்க்கும். பிறகு கயிற்றைப் பிடித்து நேராக, நடுவில் நிற்காமல், ஒரே இழுப்பாக இழுக்கவேண்டும். சிந்தி குழலை அடைத்தபடி வழுக்கிக்கொண்டு வந்து, 'பொக்' என்று வெளியே விழும். முதல் துணி கரியாக வரும். அடுத்தது சாம்பல் நிறமாக. துணி வெள்ளையாக வரும்வரை இழுக்கவேண்டும்.

இதில் அவசரக்காரர்கள் செய்வது இரண்டு. ஒன்று, கயிற்றைப் பக்கவாட்டில் சாய்த்து இழுப்பது. கயிறு குழல் வாயின் ஒரே ஓரத்தில் உரசி உரசி, வருஷக்கணக்கில் அங்கே ஒரு தேய்மானம் விழும். தோட்டா கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அதுதான். அந்த ஓரம் தேய்ந்தால் துப்பாக்கி என்றைக்கும் நேராகச் சுடாது. இன்னொன்று, இரண்டு தடவை இழுக்க அலுத்துப்போய் துணியை மடித்துப் பெரிதாக வைப்பது. நடுக்குழலில் சிக்கும். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுப்பார்கள், கயிறு அறும், அதற்குமேல் ஆயுதம் பழுதுபார்க்கும் ஆர்மரர்தான் வரவேண்டும்.

களத்தில் பிறந்து புத்தகத்தில் ஏறியவை

எல்லாப் பழக்கத்தையும் குறை சொல்வது அநியாயம். சில விஷயங்களைச் சிப்பாய்தான் முதலில் கண்டுபிடித்தார், தொழிற்சாலை பின்னால் வந்தது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்களிடம் எம்-1 கார்பைன் என்ற சின்னத் துப்பாக்கி இருந்தது, 15 தோட்டா மேகசின். இரண்டு மேகசின்களைத் தலைகீழாகச் சேர்த்து டேப் சுற்றிக்கொண்டார்கள். ஒன்று தீர்ந்ததும் கழற்றி, திருப்பி, மாட்டவேண்டியதுதான். பையில் கை விடும் நேரம் மிச்சம். இடுப்பு பெல்ட்டுக்கென்று தந்த மேகசின் பையைத் துப்பாக்கியின் கட்டையிலேயே, அதாவது தோளில் ஊன்றும் பின்பாகத்திலேயே, கோத்துக்கொண்டவர்களும் நிறைய. டேப் சுற்றுவதில் ஒரு கோளாறு: கீழே தொங்கும் மேகசினின் வாய் தரையைப் பார்த்திருக்கும். குப்புறப் படுத்தால் நேராகச் சேற்றில் குத்தும், அந்தச் சேறு அடுத்த நிமிஷம் துப்பாக்கிக்குள் போகும். அதனால் இரண்டு வாயும் மேலே இருக்கும்படி பக்கம் பக்கமாக இணைக்கும் கிளிப்புகள் பின்னால் வந்தன. சுவிட்சர்லாந்தின் எஸ்.ஜி. 550 துப்பாக்கியின் மேகசின்களில், ஒன்றோடு ஒன்று கோத்துக்கொள்ளக் குமிழ்களை வைத்தே வார்த்துவிட்டார்கள்.

1944 ஜூன் 6 அன்று நார்மண்டி கடற்கரையில் இறங்கியவர்கள் குழல் வாயில் ஆணுறை மாட்டியிருந்தது பலருக்கும் தெரிந்த கதை, உண்மையும்கூட. கடல்நீரும் மணலும் உள்ளே போகாது. அவசரமென்றால் கழற்றாமலே சுடலாம். முழுத் துப்பாக்கியையும் போட்டு மூட ஒரு கண்ணாடித்தாள் பையைப் படையே கொடுத்திருந்தது. ஆப்கானிஸ்தானில் 1979 முதல் 1989 வரை இருந்த சோவியத் சிப்பாய்கள், ரத்தத்தை நிறுத்தக் கட்டும் ரப்பர் பட்டையை ஏ.கே. துப்பாக்கியின் மடக்குக் கட்டையில் சுற்றி வைத்திருப்பதைப் பழைய படங்களில் பார்க்கலாம். காயம் பட்டவரின் ரப்பர் பட்டை எங்கே இருக்கும் என்று யாரும் தேடவேண்டியதில்லை, துப்பாக்கி இருக்கும் இடத்தில் அதுவும் இருக்கும். எனக்கு இந்த மொத்தப் பட்டியலில் மிகவும் பிடித்த பழக்கம் இது.

குளிர் இன்னொரு பெரிய ஆசிரியர். 1950 குளிர்காலத்தில் கொரியாவின் சோசின் ஏரிப் பகுதியில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 30 பாகைக்கும் போனது. எண்ணெய் உறைந்து பசையானது. நிறைய எண்ணெய் விடு என்று படித்தவர்கள், எண்ணெயைத் துடைத்து எடுத்தார்கள். இன்னொன்றும் குளிர்தேசப் படைகளுக்குத் தெரியும்: வெளியே கிடந்த துப்பாக்கியைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டுவந்தால் இரும்பு வியர்க்கும், மறுபடி வெளியே போனால் அந்த ஈரம் உள்ளேயே பனிக்கட்டியாகும். அதனால் துப்பாக்கி வெளியிலேயே தூங்கும். இதைச் சென்னை வெயிலில் செய்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. கடற்கரை ஊரில் எண்ணெய் இல்லாத இரும்பு ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும்.

நம்பிக்கை சார்ந்தவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். மேகசினை ஹெல்மெட்டில் தட்டுவது உள்ளே தோட்டாக்கள் ஒரே வரிசையில் பின்னால் போய் உட்காரட்டும் என்பதற்கு. கொஞ்சம் பலன் உண்டு, உள்ளங்கையில் தட்டினாலும் அதே பலன். எம்-1 காரண்ட் ரைஃபிளில் எட்டாவது தோட்டா தீர்ந்ததும், தோட்டாக்களைச் சேர்த்துப் பிடித்திருந்த உலோகக் கிளிப் 'டிங்' என்று தெறிக்கும், எதிரி அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்து பாய்வான் என்றொரு கதை. பீரங்கி இரைச்சலில் அது எத்தனை அடிக்குக் கேட்கும்? பக்கத்திலேயே நிரம்பிய துப்பாக்கியோடு இன்னும் பத்துப் பேர் இருப்பார்களே. அந்தத் துப்பாக்கியில் நிஜமான தொல்லை கட்டைவிரலுக்குத்தான். போல்ட் பாய்ந்து மூடும்போது விரல் உள்ளே இருந்தால் நசுங்கும். அதற்காக உள்ளங்கையின் ஓரத்தால் போல்ட் கைப்பிடியைத் தாங்கியபடியே நிரப்பும் பழக்கம் வந்தது. இன்றும் அந்தத் துப்பாக்கியில் டிரில் செய்யும் அமெரிக்கக் கேடட்டுகளுக்கு நகம் கறுத்த கட்டைவிரல் தெரியாத விஷயம் இல்லை.

வரிசை தப்பினால்

இனி ஆளைக் கொல்லும் பழக்கங்கள். நிதானமாகச் சொல்லவேண்டிய இடம் இது.

துப்பாக்கியைச் சுத்தம் செய்தபோது வெடித்துக் காவலர் காயம் என்ற செய்தி ஆண்டுக்குச் சில முறையாவது கண்ணில் படும். காலியான துப்பாக்கி வெடிக்காது. அது காலி என்று அவர் நம்பியிருப்பார். அந்த நம்பிக்கை எப்படிப் பிழையாகிறது என்பதைக் கையில் துப்பாக்கி இல்லாமலேயே புரிந்துகொள்ளலாம்.

துப்பாக்கியைக் காலி செய்ய முதலில் மேகசினைக் கழற்றவேண்டும். பிறகு போல்ட்டை இழுக்கவேண்டும். சேம்பரில் ஒரு தோட்டா இருந்தால் அது வெளியே விழும். பிறகு உள்ளே கண்ணால் பார்க்கவேண்டும், இருட்டாக இருந்தால் சுண்டுவிரலை விட்டுத் தொட்டும் பார்க்கவேண்டும். அதன்பிறகுதான் போல்ட்டை விட்டு, பாதுகாப்பான பக்கம் குழலைத் திருப்பி, ட்ரிகரை ஒரு முறை அழுத்தி, சுடுவதற்காக இறுகியிருக்கும் ஸ்பிரிங்கைத் தளர்த்துவார்கள். பல படைகளின் டிரில்லில் இந்தக் கடைசி அழுத்தமும் உண்டு.

இதில் முதல் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். போல்ட்டை முதலில் இழுக்கிறார். சேம்பரில் இருந்த தோட்டா வெளியே விழுகிறது, அவருக்குத் திருப்தி. ஆனால் மேகசின் இன்னும் உள்ளேயே இருக்கிறதே. போல்ட் முன்னால் போகும்போது அதிலிருந்து புதிய தோட்டா ஒன்றை சேம்பருக்குள் தள்ளிவிடுகிறது. இப்போது மேகசினைக் கழற்றுகிறார். கையில் மேகசின், தரையில் ஒரு தோட்டா, எல்லாம் முடிந்ததுபோல இருக்கிறது. கை பழகியபடி ட்ரிகரை அழுத்துகிறார்.

செய்த வேலைகள் எல்லாம் சரியான வேலைகளே, வரிசை மட்டும் தப்பு. ரோந்து முடிந்து தூக்கமில்லாமல் வருபவருக்கு இது நடக்கும். அதனால்தான் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்க முகாம்களின் வாசலிலும் சாப்பாட்டுக்கூட வாசலிலும் மணல் நிரப்பிய பீப்பாய்களை வைத்தார்கள். குழலை அதற்குள் நீட்டித்தான் காலி செய்யவேண்டும். தப்பினாலும் குண்டு மணலில் போய்ச் சேரும்.

என்.சி.சி. பரேடில் ஆயுதத்தை ஒப்படைக்கும் முன் 'போல்ட் சலா' (போல்ட்டை இயக்கு) என்று கட்டளை வரும்போது சில கேடட்டுகள் சத்தம் வந்தால் போதும் என்று சடசடவென இழுத்துத் தள்ளுவார்கள். கண் முன்னால் நிற்பவரின் முதுகில் இருக்கும். அந்த அசைவின் முழு அர்த்தமும் உள்ளே பார்ப்பதில்தான் இருக்கிறது. பார்க்காமல் இழுத்த போல்ட் எதையும் சோதிக்கவில்லை.

.22 ரைஃபிளை விளையாட்டுச் சாமானாக நினைப்பதும் நம் முகாம்களில் அதிகம். 25 கெஜத்தில் அட்டையைச் சுடுகிறோம், அதிர்வும் தோளில் தெரியாது, தோட்டா சுண்டுவிரல் நுனியைவிடச் சிறியது. அந்தச் சின்னக் குண்டு ஒன்றரை மைல் வரை போகக்கூடும் என்று தோட்டாப் பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சடித்து விற்கிறார்கள். படமெடுக்க நண்பனை நோக்கிக் குறிவைத்து நிற்பது, ஓய்வில் குழல் வாயை ஷூவின் நுனியில் ஊன்றி நிற்பது, குழலைப் பிடித்துத் தடிபோல ஊன்றி எழுந்திருப்பது, 'காலிதான்டா' என்று கையில் திணிப்பது: இவை நான்கும் என் கண்ணுக்குப் பட்டால் நான் கோபப்படாமல் இருக்கமாட்டேன். ஒருவர் காலி என்று சொல்லித் தந்தாலும், வாங்கியவர் தானே ஒரு முறை திறந்து பார்ப்பது அவமரியாதை இல்லை. நல்ல உஸ்தாத்கள் தாங்களே திறந்துகாட்டித்தான் தருவார்கள்.

சுட்டு முடித்ததும் கேடட்டுகள் ரகசியமாகச் செய்யும் ஒன்று மிச்சம் இருக்கிறது. காலியான தோட்டா உறையை, 'கோகா' என்பார்கள், முதன்முதலாகச் சுட்ட நினைவாகப் பையில் போட்டுக்கொள்வது. ஆசை புரிகிறது. ஆனால் படையில் அந்தப் பித்தளைத் துண்டு ஒரு கணக்கு. எத்தனை தோட்டா வாங்கினார்களோ, அத்தனை உறை திரும்பவேண்டும். ஒன்று குறைந்தால், சுடாத தோட்டா ஒன்று யார் பையிலோ இருக்கிறது என்பதும் அந்தக் கணக்கில் ஒரு சாத்தியம். அதனால் எல்லோரும் வரிசையாகப் புல்லில் குனிந்து தேடுவார்கள், உச்சி வெயில் ஏறினாலும் வண்டி கிளம்பாது. பிரிட்டனில் கேடட்டுகள் சுடுதளத்தை விட்டுப் போகும் முன் ஒவ்வொருவராக, என்னிடம் தோட்டாவும் இல்லை, காலி உறையும் இல்லை என்று அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும். முதல் முறை சுடப்போகிறவர்கள், நினைவுக்கு ஓட்டை விழுந்த அந்த அட்டையைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தருவார்கள்.